கல் மட்டும்

அத்தியாயம் 11

நாளைக்குக் காலை பத்து மணிக்கு அந்த ஆள் இரும்புக் கம்பியை மண்ணில் இறக்குவார். ஒன்றும் தட்டாது. ஒரு சாண் தள்ளி இறக்குவார். அங்கேயும் தட்டாது. மூன்றாவது தடவை இறக்குவதற்கு முன்னால் அவர் அம்மாவைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். அப்போது நான் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

கால்கரியை விட்டுக் கிளம்பியதிலிருந்து மார்னி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். காரின் பின்சீட்டில் அவளோடு பிளாஸ்கும், அம்மாவின் கம்பளிக் கோட்டும், முட்டை சாண்ட்விச் டப்பாவும் இருந்தன. முன்னால் தம்பி கிளென் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் அம்மா சிக்ரிட் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, தேவாலயத்தில் உட்கார்வது போல உட்கார்ந்திருந்தாள். எழுபத்தாறு வயது. முதுகு இன்னும் சாய்மானத்தைத் தொடவில்லை.

"அந்த லாரிக்காரன் பின்னாலயே போறியே, அவன் வீட்டுக்கா போறோம்?"

"முந்தினா 'ஏன்டா பறக்கற'ன்னு கேப்ப," என்றான் கிளென்.

"கேக்கத்தான் செய்வேன். அதுக்காக முந்தாம இருப்பியா?"

அவன் முந்தினான். லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து வந்து முன்கண்ணாடியில் நட்சத்திரம் போட்டது. அம்மா கண்ணாடியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது.

அப்பா ஆர்விட் போய்ப் பத்து வாரம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய தூண்டில் பெட்டியைக் காலி செய்யும்போது, அடித்தட்டில் எண்ணெய்த்தாளில் சுற்றிய காகிதம் ஒன்று மார்னியின் கைக்கு வந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய படிவம். அணை கட்டியவர்கள் ஆற்றை மறித்துப் பள்ளத்தாக்கை ஏரியாக்கும் முன்னால், அவர்களுடைய ஊரான பிர்ச் லேண்டிங்கில் கல்லறை வைத்திருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்பியது. மூன்று கட்டங்கள். உடலை மேட்டுக்கு மாற்ற வேண்டுமா? எதையும் தொடாமல் அப்படியே விட வேண்டுமா? அல்லது கல்லை மட்டும் மாற்றினால் போதுமா?

மூன்றாவது கட்டத்தில் அப்பா பேனாவால் குறி போட்டிருந்தார். கீழே அவருடைய கையெழுத்து.

ஆக, நாக்கஸ்ப் ஊருக்குப் போகிற வழியில் மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில், எல்சி என்று பெயர் வெட்டிய கல்லுக்கு அடியில் எல்சி இல்லை. மார்னியின் தங்கை, நாலு வயதில் கக்குவான் இருமலில் போன குழந்தை, அன்று புதைத்த இடத்திலேயே, ஏரிக்கு அடியில் கிடக்கிறாள். அம்மா வருஷா வருஷம் பூ வைத்துவிட்டு வந்தது வெறும் மண்ணுக்கு.

காகிதத்தை மார்னி கிளெனிடம் மட்டும் காட்டினாள். அம்மாவுக்கு இது தெரியாது. அப்பா சொன்னதே இல்லை. இப்போது அம்மா, தன்னையும் அங்கேதான் புதைக்க வேண்டும் என்கிறாள். பக்கத்தில் கூட இல்லை, எல்சியின் பெட்டியை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைக்க வேண்டுமாம். கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் வெண்டல் என்பவருக்குத் தானே போன் செய்து, பெட்டி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கம்பி விட்டுப் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லிவிட்டாள். அதுவும் தன் கண் முன்னால்.

"அப்பா பக்கத்துல இடம் இருக்கேம்மா," என்று மார்னி அன்றைக்கே சொல்லிப் பார்த்தாள்.

"உங்கப்பா பக்கத்துல அம்பத்து மூணு வருஷம் படுத்தாச்சு. குறட்டை போதும். சின்னது தனியா இருக்கு."

கோல்டனில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். அம்மா காப்பி கேட்டாள், ஒரு வெண்ணெய் டார்ட்டும். டார்ட்டைக் கத்தியால் மூன்றாக வெட்டிவிட்டு, "திராட்சை போட்டுக் கெடுத்து வச்சிருக்காங்க," என்றபடி தன் பங்கை முழுசாகச் சாப்பிட்டாள்.

பரிமாறிய பெண் நல்ல பேச்சுக்காரி. "எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?"

"என் சின்ன மகளைப் பாக்க," என்றாள் அம்மா.

"அப்படியா? அவங்க அங்க என்ன பண்றாங்க?"

"காத்திட்டிருக்கா."

அந்தப் பெண் சிரித்தபடி காப்பியை ஊற்றிவிட்டுப் போனாள். கிளென் தட்டைப் பார்த்தான். மார்னி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் தன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் இருக்குமோ என்று ஒரு கணம் பயந்தாள். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். குளியலறையில் பல் தேய்க்கும்போதும், இருட்டில் மாடிப்படி ஏறும்போதும், பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பினால் யாரும் இல்லை. ஈரக் கம்பளி வாசனை மட்டும் வருவது போலத் தோன்றும். அதுவும் உடனே போய்விடும்.

கோல்டனைத் தாண்டி மலை ஏறும்போது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொல்லும் பலகை வந்தது. கிளென் காரிலிருந்த கடிகாரத்தைத் திருப்பினான்.

அம்மா தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். "இப்பத்தான் சரியா இருக்கு."

கால்கரிக்குக் குடிபோய் முப்பது வருஷம் ஆகியும் அம்மா அந்த வாட்ச்சை மாற்றியதே இல்லை. பள்ளத்தாக்கின் மணிதான் அவளுக்கு மணி. கிளெனின் பள்ளிக்கூடம், பல் டாக்டர், அப்பாவின் ரயில்வே ஷிப்ட், எல்லாவற்றுக்கும் மனதுக்குள் ஒன்று கூட்டிக்கொள்வாள். ஒரு நாளும் தவறியதில்லை.

கணவாய் உச்சிக்கு இரண்டு மைல் இருக்கும்போது வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஆரஞ்சுச் சட்டை போட்ட பெண் ஒருத்தி 'நில்' பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பேசியபடி வந்தாள். வெயிலில் மேல்பனி இளகிவிட்டது, தானாகச் சாலையில் சரிவதற்குள் பீரங்கியால் சுட்டு இறக்குகிறார்கள், முக்கால் மணி நேரம் ஆகும் என்றாள்.

"ஏப்ரல் கடைசியிலுமா?" என்றாள் அம்மா, அந்தப் பெண்தான் பனியைக் கொண்டுவந்து கொட்டியது போல.

"பனிக்குக் காலண்டர் தெரியலைங்க," என்றாள் அவள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கிளென் தலையை ஆட்டி மார்னியை வெளியே கூப்பிட்டான். இருவரும் சாலை ஓரமாக, பனிச்சுவரை ஒட்டி, பத்து வண்டி தாண்டி நடந்தார்கள். பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கிற கைகள் கிளெனுக்கு. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டான், எடுத்தான், மறுபடியும் போட்டான்.

"வெண்டல்கிட்ட பேசிட்டேன்க்கா. நாளைக்கு மண்ணு ஈரமா இருக்கு, கம்பி விட்டா பக்கத்துக் குழி சரியும்னு சொல்லிடுவாரு. பெட்டியத் திறக்கச் சட்டம் இடம் தராதுன்னும் சொல்லுவாரு."

"அந்த மனுஷன் ஒத்துக்கிட்டாரா?"

"விஷயத்தச் சொன்னேன். சரின்னாரு. அவருக்கும் ஒரு அம்மா இருக்காங்கல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பக்கத்துல இடம் வாங்கிக் குடுத்துடலாம். அம்மா நிம்மதியா திரும்பி வரும். நீ சும்மா இருந்தா போதும்."

"நான் முப்பத்திரண்டு வருஷமா சும்மாதான்டா இருக்கேன்."

அவனுக்கு அது புரியவில்லை. காகிதத்தைப் பார்த்த கோபம் என்று நினைத்துக்கொண்டான். மெதுவாக, ஏறக்குறைய கெஞ்சுவது போல, "இன்னொண்ணு," என்றான். "படகுல அம்மா, எல்சிய எடுத்த கதையக் கேக்கும். இந்த வருஷம் அப்பா இல்ல. உன்னத்தான் கேக்கும். அப்பா சொல்ற மாதிரியே சொல்லிடு."

"நீ சொல்லேன்."

"நான் அன்னிக்குப் போகலையே. நீதானே அப்பாகூடப் போன."

மலை மேலே எங்கேயோ முதல் குண்டு வெடித்தது. சத்தம் ஒரு பக்கச் சுவரிலிருந்து இன்னொரு பக்கச் சுவருக்குப் போய்த் திரும்பி வந்தது. எதிர்ச் சரிவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு அகன்றது. பிறகு மலையின் தோலே நழுவுவது போல முழுச் சரிவும் இறங்கியது. அவ்வளவு தூரத்தில் அதற்குச் சத்தமே இல்லை.

அவன் சொன்னது உண்மை. கல்லறையை மாற்றிய அந்த அக்டோபர் மாதம் அப்பாவோடு போனது மார்னிதான். அப்போது இருபது வயது. வீட்டார் யாராவது ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. அம்மா தானே வருவதாகச் சொன்னாள். அப்பா விடவில்லை. மார்னியை அழைத்துக்கொண்டு போய், சாலையிலேயே பிக்கப் வண்டியில் உட்கார வைத்துவிட்டு, தனியாகக் கீழே இறங்கினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முழங்காலில் சேறோடு, இரண்டு ஆட்களோடு, கல்லைச் சுமந்துகொண்டு ஏறி வந்தார். மார்னி இறங்கி ஒரு முனையைப் பிடித்தாள். அப்பா "முடிஞ்சுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை, கல்லை நடுவதற்காக அம்மாவையும் ஏற்றிக்கொண்டு படகில் போகும்போது, அவள் கேட்ட பிறகுதான் சொன்னார்.

"காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சாங்க. பைய பையத்தான் தோண்டினாங்க. பெட்டி மூடி இத்துப் போயிருந்துது. ஆனா தலைமுடி அப்படியே இருந்துது சிக்ரிட், நீ கட்டின நீல ரிப்பனும் அப்படியே இருந்துது. நானே என் கையால எடுத்துப் புதுப் பெட்டில வச்சேன்."

"நிறம் போயிருந்துதா?"

"கொஞ்சமும் போகல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும், படகு ஏரியின் நடுவுக்கு வரும்போது அம்மா "சொல்லுங்க" என்பாள். அப்பா சொல்வார். ஒரு வார்த்தை கூடாது, குறையாது. கேட்டு முடித்ததும் அம்மாவின் தோள் இரண்டும் ஒரு விரல் அளவு இறங்கும். அந்த வருஷத்துக்கு அது போதும்.

மார்னிக்கு மட்டும் முதல் நாளே தெரியும். பெட்டியில் ரிப்பன் கிடையாது.

ஆறு வயதில் அவளே அதை எடுத்திருந்தாள். ரிப்பன் அவளுடையது. எல்சி எப்போதும் அதற்காக அழுவாள். எல்சி போன பிறகு அம்மா மார்னியைக் கேட்காமல் அதை எடுத்து, பெட்டியில் கிடந்த எல்சியின் தலையில் கட்டிவிட்டாள். பெரியவர்கள் சமையலறையில் இருந்தபோது மார்னி நாற்காலியில் ஏறி, முடிச்சை அவிழ்த்து, உருவி எடுத்துக்கொண்டாள். எல்சியின் நெற்றி பால் புட்டி போலக் குளிர்ந்திருந்தது. மூடியை ஆணி அடித்த பிறகுதான் பயம் வந்தது. அன்று இரவே ரிப்பனை அடுப்பில் போட்டுவிட்டாள். பிறகு, இருவரும் படுக்கிற கட்டிலில் தனியாக, தன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு படுத்தாள். சுவரோரப் பாதியை விட்டுவிட்டாள். இன்றைக்கும் எந்த ஓட்டலில் தங்கினாலும் சுவரோரம் படுப்பதில்லை.

ரிப்பன் உள்ளே இருக்கிறது என்று நம்பித்தான் அப்பா அந்தப் பொய்யைச் சொன்னார். அது பொய் என்று அவள் உடனே அறிந்தாள். அறிந்ததைச் சொல்ல வேண்டுமானால் தான் செய்ததையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. போன வாரம் கிடைத்த காகிதம் அவளுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. தெரியாதது போல இருக்கும் வசதியை மட்டும் பறித்துக்கொண்டது.

"அக்கா," என்றான் கிளென். "அஞ்சு வரிதான்."

"பாக்கலாம்," என்றாள்.

அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். அவளும் அப்போது அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அம்மா விழித்திருந்தாள். "ரெண்டு பேரும் என்ன ரகசியம்? என்னை முதியோர் விடுதிக்கு அனுப்பப் போறீங்களா?"

"உன்னை எந்த விடுதிம்மா சேத்துக்கும்," என்றான் கிளென்.

"அதுவும் சரிதான்." அம்மா சிரித்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ரெவல்ஸ்டோக்கைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் ஏரி தெரிய ஆரம்பித்தது. வருஷத்தில் தண்ணீர் மிகவும் வற்றியிருக்கும் சமயம் இது. அணைக்காரர்கள் குளிர்காலம் முழுக்கத் திறந்துவிட்டு, உருகும் பனிக்காகக் காத்திருக்கிறார்கள். கரைக்குக் கீழே மைல் கணக்கில் சேறு, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். காற்று சேற்றுத்தூளை வாரிக்கொண்டு சாலையைக் கடந்தது. கிளென் ஜன்னலை ஏற்றினான். அப்படியும் பல்லில் நறநறத்தது.

"என் உருளைக்கிழங்குத் தோட்டம் இதுல எங்கயோ பறக்குது," என்றாள் அம்மா.

படகுத்துறையில் ஏழெட்டு வண்டிகள்தான் நின்றன. கார் ஏறியதும் அம்மா தானாகவே கதவைத் திறந்து இறங்கினாள். மேல்தளத்தின் ஓரத்தில், காற்றுக்கு மறைவாக எதிரெதிரே இரண்டு மர பெஞ்சுகள். அம்மா வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள், பிர்ச் லேண்டிங் இருந்த கரைக்கு முதுகைக் காட்டி. மார்னி எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது அப்பாவின் இடம் என்று உறைத்தது.

"நீயும் இந்தப் பக்கம் வந்து உக்காரு. அங்க என்ன பாக்க இருக்கு?" என்றாள் அம்மா.

"பரவால்லம்மா."

"உங்கப்பாவும் இதேதான் சொல்வார். நான் அவர்கிட்ட எத்தனை தடவை சொல்லிருப்பேன். அங்க நம்மளோடது ஒண்ணும் இல்ல. இருந்த ஒண்ணையும் எடுத்துட்டு வந்தாச்சு. எதுக்கு அந்தச் சேத்தப் பாத்துக்கிட்டு?"

மார்னி அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பழைய சாலை காட்டிலிருந்து இறங்கி, சேற்றைக் குறுக்கே கடந்து, வளைவுகூட மாறாமல் தண்ணீருக்குள் போனது. அதன் இடது பக்கத்தில் மளிகைக்கடையின் அடித்தளம். வலது பக்கம் கொஞ்சம் மேடு. அந்த மேட்டில்தான் பழைய கல்லறை. இத்தனை வருஷமும் அப்பா இந்த பெஞ்சில் உட்கார்ந்து, அதைப் பார்த்தபடியே அந்த ஐந்து வரியைச் சொல்லியிருக்கிறார். ஒருவேளை அம்மாவுக்குச் சொல்லவில்லையோ. அந்த மேட்டுக்குச் சொன்னாரோ.

கிளென் மூன்று காகிதக் கோப்பைகளில் பிளாஸ்க் காப்பியை ஊற்றிக் கொண்டுவந்தான். உட்காராமல் கம்பியில் சாய்ந்து நின்றான். கரை சின்னதாகிக்கொண்டே போனது. மேடு மட்டும் அதே அளவில் இருப்பது போல மார்னிக்குத் தோன்றியது.

ஏரியின் நடுவுக்கு வந்தார்கள். அம்மா கோப்பையை பெஞ்சில் வைத்தாள். கையுறைகளைக் கழற்றி மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சொல்லு," என்றாள்.

மார்னி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா இல்லையே. நீதான் கூட இருந்த. சொல்லு."

"நான் சொல்றேன்மா," என்றான் கிளென் அவசரமாக. "எனக்கு மனப்பாடம். காலைல ஏழு மணிக்கு..."

"நீ அன்னிக்கு வீட்ல தூங்கிட்டிருந்த. சும்மா இரு." அம்மா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பாத்தவங்க சொல்லணும்."

கிளென் மார்னியைப் பார்த்தான். ஐந்து வரி, என்றது அந்தப் பார்வை. அவன் கெட்டவன் இல்லை. இந்தக் குடும்பத்தில் யாருமே கெட்டவர்கள் இல்லை.

வார்த்தைகள் நாக்கில் தயாராக நின்றன. சொன்னால் அம்மாவின் தோள் இறங்கும். நாளைக்கு வெண்டல் ஈர மண் என்பார். அம்மா முணுமுணுத்துவிட்டு, பக்கத்தில் இடம் வாங்குவாள். பிறகு ஒரு நாள் அவளைக் கொண்டுவந்து அங்கே இறக்குவார்கள். பக்கத்தில் மகள் படுத்திருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு, யாரும் இல்லாத மண்ணுக்குப் பக்கத்தில். குழந்தை இங்கே. அம்மா அங்கே. அதை அறிந்தபடி கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இறக்குகிறவள் தானாக இருப்பாள்.

உண்மையைச் சொல்லவும் அவளிடம் வார்த்தை இல்லை. எதிலிருந்து தொடங்குவது? காகிதத்திலிருந்தா, அடுப்பிலிருந்தா? சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது, நாளை காலை வரை இருக்கிறது. அதற்குள் அந்த வார்த்தை வருமோ வராதோ தெரியவில்லை. இது மட்டும் தெரிந்தது. அந்தப் பொய் அப்பாவின் வாயிலிருந்து வந்தபோது அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். தன் வாயிலிருந்து ஒரு தடவை வந்துவிட்டால் அது அப்பாவுடையதாக இருக்காது.

இடுப்பு உயரத்தில் பக்கத்தில் யாரோ நிற்பது போல இருந்தது. இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மறந்துட்டியா?" என்றாள் அம்மா. குரல் மிருதுவாக இருந்தது. "மெதுவா யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல. கரைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"மறக்கலம்மா. ஒரு வார்த்தைகூட மறக்கல."

"அப்ப சொல்லு. அவர் குரல்தான் போச்சு. உன் குரல்லயாவது கேட்டுக்கறேன்."

கிளென் கம்பியை விட்டு ஒரு அடி முன்னால் வந்தான். மார்னி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அம்மாவின் கண்களைப் பார்த்தாள். அந்தக் கரையைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா," என்றாள் தாழ்ந்த குரலில். "அத நான் சொல்ல மாட்டேன்."